எச்சில் பட்ட பல்லில் அடைப்பு ஏன் நிற்பதில்லை?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றில், முரசை ஒட்டிய இடத்தில், பல்லின் நிறத்திலேயே வைக்கப்பட்ட அடைப்பு ஓராண்டுக்குள் இரண்டு முறை கழன்று விழுந்துவிட்டது. மூன்றாவது முறை அடைக்கும்போது பல் வைத்தியர் பாதியில் நிறுத்தி, எச்சில் பட்டுவிட்டது என்று சொல்லி, நீல நிற ஜெல்லை மறுபடியும் பூசி, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். இன்னொரு முறை கழன்றால் இறப்பர் திரை போட்டே அடைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அதே வேளையில் தம் உதவியாளரிடம், பல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிடக் கூடாது என்றும் சொன்னாராம். “காய வேண்டும் என்கிறார், காயக் கூடாது என்கிறார், என் அம்மாவின் வெள்ளி நிற அடைப்பு இருபது வருடமாக அசையாமல் இருக்கிறது, எச்சில் என்பது உண்மையான காரணமா, மட்டமான மருந்தை மறைக்கச் சொல்லும் சாக்கா?” என்று வாசகி கேட்கிறார். ஏழு வயது மகனுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் கடைவாய்ப்பற்களின் பள்ளங்களை மூடும் பூச்சுப் பூசச் சொல்லியிருப்பதால், அதுவும் இப்படித்தான் கழன்று போகுமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

எச்சில் உண்மையான காரணம்தான். பல்லோடு ஒட்டவைக்கும் எந்த அடைப்பையும் கெடுக்கும் காரணங்களுள் நாங்கள் நாள்தோறும் முகங்கொடுப்பது அதற்கே. உங்கள் வைத்தியர் பாதியில் நிறுத்தியது அவருடைய குறை என்று நீங்கள் எண்ணியிருப்பது கடிதத்தின் தொனியில் தெரிகிறது. என்னுடைய மதிப்பீடு அதற்கு நேர்மாறானது. எச்சில் பட்டதைக் கண்டும் காணாததுபோல் வேலையை முடித்து உங்களை அனுப்பியிருந்தால்தான் நீங்கள் கோபப்பட்டிருக்க வேண்டும். அது ஏன் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த விடயம் விளங்கினால்தான் அடுத்த முறை அந்தக் கதிரையில் படுத்திருக்கும்போது நீங்களும் அந்த வேலையில் ஒரு பங்காளியாக முடியும்.

பல்லின் வெளிப்பகுதியாகிய எனாமல், எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமத்தாலானது. வழவழப்பான அந்தப் பரப்பில் பிசின் எதுவும் தானாகப் பிடிப்பதில்லை. 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனொகோர் என்ற பல் வைத்தியர், பொஸ்போரிக் அமிலத்தைச் சிறிது நேரம் பூசிக் கழுவினால் எனாமலில் பிசின் உறுதியாகப் பற்றிக்கொள்கிறது என்று காட்டினார். இன்று பல்லின் நிறத்தில் செய்யப்படும் கொம்போசிட் அடைப்புகள் அனைத்துக்கும் அடித்தளம் அதுவே. உங்களுக்குப் பூசிய நீல நிற ஜெல் அந்த அமிலந்தான். இப்போது பெரும்பாலும் 35 முதல் 37 சதவீதச் செறிவில், எனாமலில் 15 முதல் 30 செக்கன் வரை வைத்துக் கழுவுகிறோம். அமிலம் பட்ட எனாமலில், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. அவற்றுக்குள் பிணைப்புத் திரவம் வழிந்து இறங்கி, நீல ஒளி பட்டதும் இறுகி, வேர்விட்டதுபோல் நின்றுகொள்கிறது. அதன்மேல்தான் கொம்போசிட் அடுக்கடுக்காக வைக்கப்படுகிறது. ஆகவே அடைப்பின் ஆயுள் முழுவதும், அமிலத்தைக் கழுவிய கணத்துக்கும் பிணைப்புத் திரவம் இறுகும் கணத்துக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவேளையில் தீர்மானிக்கப்படுகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

எச்சில் 99 சதவீதம் தண்ணீர்தான். தண்ணீர் மட்டுமாக இருந்திருந்தால் காற்றூதிக் காயவைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். மீதியுள்ள சிறு பங்கில் இருக்கும் புரதங்களும், சளித்தன்மை தரும் மியூசின் போன்ற பொருட்களும்தான் இங்கே தொல்லை தருகின்றன. அவை சுத்தமான பல்லின் மேற்பரப்பைத் தொட்ட செக்கன்களிலேயே மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அன்றாட வாழ்வில் இது பல்லுக்குப் பெரிய நன்மை: நாம் உண்ணும் புளிப்பான உணவுகளின் அமிலத்திலிருந்து அந்தப் படலமே எனாமலைக் காக்கிறது. ஆனால் அமிலத்தால் திறந்துவைத்த பரப்போ எதையும் ஈர்த்துக்கொள்ளும் நிலையில் இருப்பது. பிணைப்புத் திரவத்துக்காக நாம் திறந்த துளைகளை எச்சிலின் புரதம் முந்திக்கொண்டு அடைத்துவிடுகிறது. இதை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து 1985இல் வெளியான ஆய்வொன்று, அமிலம் பூசிய எனாமலில் எச்சில் ஒரு செக்கன் அளவு பட்டாலே தண்ணீரால் கழுவி நீக்க முடியாத படலம் உண்டாகிறது என்று காட்டியது. எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த சமையலறைச் சுவரைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு அதன்மேல் பெயின்ற் பூசினால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது. பூசிய நாளில் எல்லாம் நன்றாகவே தெரியும். அமிலம் பூசிக் காயவைத்த எனாமல் சுண்ணாம்புபோல் வெளிறித் தெரிய வேண்டும் என்று நாங்கள் பார்ப்பது வழக்கம். ஆனால் படிந்திருக்கும் புரதப் படலத்தைக் கண்ணால் காண முடியாது என்பதால், சந்தேகம் வந்தாலே மீண்டும் அமிலம் பூசுவதுதான் ஒழுங்கு. உங்கள் வைத்தியர் நீல ஜெல்லைத் திரும்ப எடுத்ததன் பொருள் இதுதான்.

இனி, காய வேண்டும், காயக் கூடாது என்ற முரண்பாட்டுக்கு வருகிறேன். நீங்கள் இதைக் கவனித்துக் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது; இளம் பல் வைத்தியர்களும் இடறும் இடம் இது. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் வேறு வகையான பொருள். அதில் கனிமம் ஏறத்தாழ 70 சதவீதமே. மீதி கொலாஜன் நார்களும் தண்ணீரும். அமிலம் பூசியதும் மேற்பரப்பிலுள்ள கனிமம் கரைந்து, கொலாஜன் நார்கள் ஒரு வலைபோல் வெளிப்பட்டு நிற்கின்றன. அந்த வலைக்குள் பிசின் ஊடுருவி இறுகும்போது பல்லும் பிசினும் கலந்த ஓர் அடுக்கு உருவாகிறது. ஜப்பானிய ஆய்வாளர் நகபயாஷி 1982இல் விவரித்தது இந்த அடுக்கைத்தான். டென்டினைக் காற்றூதி முற்றாக உலர்த்தினால் கொலாஜன் வலை படுத்துவிடும், பிசின் உள்ளே போக வழியிராது. எனவே சுத்தமான தண்ணீரின் மெல்லிய ஈரம் அங்கே இருக்க விடுகிறோம். ஆகவே உங்கள் வைத்தியர் சொன்ன இரண்டும் சரியே: அவர் விரும்பியது கழுவிய தண்ணீரின் ஈரம், அவர் அஞ்சியது எச்சிலின் ஈரம். முன்னையது பிணைப்புத் திரவத்தோடு கலந்து ஆவியாகி வெளியேறிவிடும். பின்னையது தன் புரதத்தை வலையின் கண்களில் விட்டுச் செல்லும்.

உங்கள் பல்லின் இடமும் இதில் மிகவும் முக்கியமானது. முரசை ஒட்டிய குழியின் கீழ் விளிம்பு பெரும்பாலும் வேரின் பக்கமாகவே அமையும். அங்கே எனாமல் இருப்பதில்லை, ஆகையால் பிணைப்பு முழுக்க முழுக்க டென்டினையே நம்பியிருக்கிறது. கீழ்த்தாடையில் நாக்கின் அடியிலுள்ள சுரப்பி வாயில்களிலிருந்து எச்சில் ஊறி அந்தப் பக்கமாகவே தேங்கும். போதாததற்கு, முரசுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள வெடிப்பிலிருந்து ஒரு வகைத் திரவம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். முரசு வீங்கியிருந்தால் கசிவு கூடும், தொட்டவுடன் இரத்தமும் வரும். இரத்தத்தில் புரதம் எச்சிலில் இருப்பதைவிட மிக அதிகம். பிணைப்புக்கு அது இன்னும் கெடுதலானது. இத்தகைய இடத்தில் அடைப்பு வைப்பதற்கு ஒன்று இரண்டு வாரம் முன்னதாகவே முரசைச் சுத்தஞ்செய்து, மென்மையான தூரிகையால் ஒழுங்காகத் துலக்கவைத்து, இரத்தம் வடிவது நின்ற பின்னர் அடைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நோயாளிக்கும் பொறுமையில்லை, வைத்தியருக்கும் நேரமில்லை என்பதால் இந்தப் படி பலவேளைகளில் விடுபட்டுப்போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கொழும்பின் புழுக்கமும் ஓர் ஆளைப்போல் இதில் தலையிடுகிறது. திறந்த வாய்க்குள் மூச்சின் ஈரப்பதன் எப்படியும் உயர்ந்தே இருக்கும். அறையைக் குளிரூட்டினாலும் வாய்க்குள் அது அவ்வளவாகக் குறைவதில்லை. அத்துடன், பல்லைக் காயவைக்கும் காற்று ஒரு கொம்பிரசரிலிருந்து வருகிறது; நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன் தாங்கியில் தண்ணீராகத் திரளும். அதை அடிக்கடி வடித்துவிடாவிட்டால் ஈரமும் சில வேளைகளில் எண்ணெயும் கலந்த காற்றே பல்லின்மேல் அடிக்கப்படும். இது நோயாளி அறியவேண்டிய செய்தியன்று. ஆனால் இதைப் படிக்கும் சக வைத்தியர்கள், ஒவ்வொரு நாளும் முதல் அடைப்புக்கு முன் அந்தக் காற்றை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஊதிப் பார்ப்பார்களானால் பல தோல்விகள் தவிர்க்கப்படும்.

எச்சில் எந்தக் கட்டத்தில் பட்டது என்பதைப் பொறுத்துத் திருத்தமும் மாறும். அமிலம் பூசுவதற்கு முன் பட்டால் கவலைக்கு இடமில்லை, கழுவினாலே போதும். அமிலத்தைக் கழுவிய பின் பட்டால், நன்றாகக் கழுவி, மீண்டும் குறுகிய நேரம் அமிலம் பூச வேண்டும். பிணைப்புத் திரவம் பூசி, ஒளி பாய்ச்சும் முன் பட்டால், பஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டுத் தொடர்வது போதாது. கழுவி அகற்றி, திரும்பத் தொடங்குவதே பாதுகாப்பு. ஒளி பாய்ச்சிய பின்னரும் அந்தத் திரவத்தின் மேற்பரப்பில், காற்றிலுள்ள ஒட்சிசன் காரணமாக முழுதாக இறுகாத மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும். அடுத்து வரும் கொம்போசிட் அதனோடுதான் சேர்கிறது. அதில் எச்சில் பட்டால் கழுவிக் காயவைத்து, பிணைப்புத் திரவத்தை மறுபடியும் பூசி ஒளி பாய்ச்சினால் பிணைப்பைப் பெருமளவு மீட்டுவிடலாம். கொம்போசிட் அடுக்குகளுக்கு இடையே பட்டாலும் இதே முறைதான். தனியே அமிலம் பூச வேண்டாத, தானே பல்லைக் கரைத்துப் பற்றும் புதுவகைத் திரவங்கள் இப்போது பரவலாகப் பயன்படுகின்றன. அவற்றுள் சில எச்சிலைச் சற்றுத் தாங்குகின்றன, சில தாங்குவதில்லை. எந்த ஒன்றும் எச்சிலைப் பொருட்படுத்தாதது அல்ல. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், ஒவ்வொரு கட்டத்திலும் மீள வழி உண்டு என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதே. அந்த நேரத்தில் ஒப்புக்கொண்டு நின்றால் ஐந்து பத்து நிமிடம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

இறப்பர் திரையை நீங்கள் அஞ்சுவது கடிதத்தில் நன்றாகவே தெரிகிறது. மூச்சு முட்டும், ஓங்காளம் வரும் என்கிறீர்கள். அது 1864ஆம் ஆண்டு நியூயோர்க்கில் சான்ஃபர்ட் பார்னம் என்ற பல் வைத்தியர் கொண்டுவந்த ஏற்பாடு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைவிடச் சிறந்த தடுப்பு இன்னும் வரவில்லை. மெல்லிய இறப்பர் தாளில் சிறு துளையிட்டு, பல்லை மட்டும் அதன் வழியே வெளியே எடுத்து, வாயின் ஏனைய பகுதியைப் பின்னால் நிறுத்திவிடுகிறோம். எச்சிலும் மூச்சின் ஈரமும் அப்பால் நின்றுவிடுகின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட மீள்பார்வை, பஞ்சுருளையால் ஈரத்தைத் தடுத்து வைத்தவற்றைவிடத் திரையோடு வைத்த அடைப்புகள் குறைவாகத் தோற்கக்கூடும் என்று சொன்னது. சான்றுகளின் உறுதி குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னது. நான் எனது கிளினிக்கில் காண்பதும் அந்தப் பக்கமே சாய்கிறது. மூக்கால் சீராக மூச்சு விடக்கூடியவருக்குத் திரை மூச்சைத் தடுப்பதில்லை. ஓங்காளமும் பலருக்குக் குறைகிறது, ஏனென்றால் தண்ணீரும் துகள்களும் தொண்டைப் பக்கம் போவதில்லை. இறப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இறப்பரற்ற திரைகள் உண்டு; அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தடிமனும் மூக்கடைப்பும் இருக்கும் நாளில் நேரம் எடுத்திருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். கையை உயர்த்தினால் நிறுத்துவது என்று வைத்தியரோடு முன்பே பேசிவைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஆனால் முரசை ஒட்டிய குழிக்குத் திரை போடுவது எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முரசைத் தள்ளிப் பிடிக்கும் தனிவகைக் கவ்வி தேவைப்படும். குழி முரசுக்குக் கீழே ஆழமாகப் போயிருந்தால் அதுவும் உதவாது. அப்போது முரசின் வெடிப்பில் மெல்லிய நூலை வைத்துக் கசிவை அடக்கி, பஞ்சுருளைகளும் உறிஞ்சியும் வைத்து, உதவியாளரின் இரண்டு கைகளையும் முழுதாகப் பயன்படுத்திச் செய்வோம். தனியாளாகச் செய்யும் வைத்தியருக்கு இது மிகக் கடினம்.

உங்கள் அம்மாவின் வெள்ளி நிற அடைப்புப் பற்றி: அது இரசக் கலவை. அது பல்லோடு ஒட்டுவதில்லை. குழியின் அடி அகன்றும் வாய் ஒடுங்கியும் இருக்கும்படி வெட்டி, அந்த வடிவத்தாலேயே பிடித்து நிறுத்தப்பட்டது. அதனால் சிறிது ஈரத்தை அது பொறுத்தது. அதற்காகச் சூத்தையில்லாத நல்ல பல்லையும் வெட்டினார்கள். ஒட்டும் அடைப்பு பல்லைக் காக்கிறது, ஆனால் வைக்கும் கையிடம் மிகுந்த கவனத்தைக் கேட்கிறது. இருபது வருடம் நின்றதால் அந்தப் பொருள் உயர்ந்தது, கழன்றதால் இந்தப் பொருள் மட்டமானது என்று முடிவு செய்யாதீர்கள். ஈரத்தை அடக்கவே முடியாத இடமானால், 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அறிமுகமான கிளாஸ் அயனோமர் என்ற அடைப்பு உண்டு. அது பல்லிலுள்ள கல்சியத்தோடு இரசாயன முறையில் பிணைகிறது, ஈரத்தைக் கொம்போசிட்டைவிட அதிகம் பொறுக்கிறது, புளோரைட்டையும் வெளிவிடுகிறது. தேய்மானம் கூடுதல், பளபளப்பும் குறைவு. உங்கள் இடம் மெல்லும் மேற்பரப்பு அல்லவே. மூன்றாவது அடைப்பும் கழன்றால் நான் அதையே முதலில் நினைப்பேன்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: கழன்ற அடைப்புக்கெல்லாம் எச்சிலே காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்லிவிட முடியாது. நாட்களிலோ சில வாரங்களிலோ முழுத்துண்டாகக் கழன்று விழுந்தால் ஈரத்தின் மீதே என் முதற் சந்தேகம் போகும். பல மாதம் நின்று, விளிம்பில் பழுப்புக் கோடு தோன்றி, குளிர்நீருக்குக் கூசி, பின்னர் விழுந்தால் கசிவோ, மீந்த சூத்தையோ, போதிய ஒளி பாய்ச்சாததோ காரணமாகலாம். உறக்கத்தில் பற்களைக் கடிப்பவர்களுக்கு முரசோரத்து அடைப்பு திரும்பத் திரும்ப விழுவதும் உண்டு. காலையில் தாடை இறுகி வலிக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். உங்கள் முதல் இரண்டு அடைப்புகளும் எத்தனை நாள் நின்றன என்று நீங்கள் எழுதவில்லை. அதை நினைவுபடுத்திக் குறித்து உங்கள் வைத்தியரிடம் கொடுங்கள். விழுந்த துண்டு கையில் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். அவர் வசதி போதவில்லை என்று சொன்னால், கொழும்பு 7இலுள்ள தேசிய பல் போதனா வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

மகனின் பூச்சுக்கும் அமிலம், பிசின், ஒளி என்ற அதே வழிமுறைதான். அது கழன்று போவதற்கும் எச்சிலே முதன்மையான காரணம். ஏழு வயதில் நிரந்தரக் கடைவாய்ப்பல் இன்னும் முழுதாக முளைக்காமல் இருக்கலாம். அதன் பின்பகுதியை முரசு மூடியிருந்தால் அங்கே ஈரத்தைத் தடுப்பது ஏறத்தாழ முடியாத காரியம். அதற்காகப் பூச்சை மறுத்துவிடாதீர்கள், அந்தப் பள்ளங்களில் சூத்தை தொடங்குவதும் இந்த வயதிலேதான். பாடசாலைப் பற்சிகிச்சையாளரிடம் பல் முழுதாக வெளிவந்துவிட்டதா என்று கேளுங்கள். வந்திருந்தால் பிசின் பூச்சைப் பூசலாம். வரவில்லையென்றால் இப்போதைக்குக் கிளாஸ் அயனோமர் பூச்சு ஒன்றைப் பூசிவைத்து, பல் வெளிவந்த பின் பிசின் பூச்சுக்கு மாற்றலாம். மகனைத் தடிமன் இல்லாத நாளில், பசியும் களைப்பும் இல்லாத காலை வேளையில் அழைத்துப் போங்கள். நாக்கை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு விடுவதை வீட்டிலேயே கண்ணாடி முன் சில தடவை பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூச்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மூலையில் கழன்றிருந்தால் அந்த இடத்தை மட்டும் மீண்டும் பூசினால் போதும்.